ஆறு இன்ச் காற்று

பிளேனரில் பலகை பாதி போயிருந்தபோது சத்தம் மாறியது. கத்தி மரத்தைச் சீவும் கரகரப்பு அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் எப்போதும் கேட்கும் காற்றின் இரைச்சல்தான் மெலிந்து, விசில் மாதிரி இழுத்து, அடங்கிப்போனது. அடுத்த நொடி சீவல் எல்லாம் பிளேனரின் வாய் வழியாக என் சட்டை மேலேயே கொட்டியது.

மெஷினை நிறுத்திவிட்டு, சுவரோரமாக ஓடும் பைப்பை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனேன். டொங், டொங் என்று காலியாகக் கேட்டுக்கொண்டு வந்த சத்தம் இரண்டாவது எல்போவில், அதாவது பைப்பைத் திருப்பும் வளைவில், தொப்பென்றது. கழற்றிப் பார்த்தால் உள்ளே குருவிக்கூடு. சுருள் சுருளாகப் பின்னி இறுகிக் கிடந்த சீவலை ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் குத்தித்தான் எடுக்க வேண்டியிருந்தது. எல்லாம் வந்த பிறகு நடுவில் ஒரு சிராய் மட்டும் குறுக்கே நின்றது. விரல் நீளம்தான் இருக்கும். அதன் ஒரு முனை, ஜாயின்ட்டைப் பிடிக்க நான் முடுக்கியிருந்த ஸ்க்ரூவின் கூரில் மாட்டியிருந்தது. கால் இன்ச் உள்ளே நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கூர்தான் ஆரம்பம். அதில் ஒரு சிராய், சிராயில் ஒரு சுருள், அந்தச் சுருளில் அடுத்த சுருள்.

வீட்டோடு சேர்ந்த என் சின்னப் பட்டறைக்கு நான் போட்ட முதல் தூசிக் குழாய் அது. கழிவுநீருக்குப் போடும் 4 இன்ச் பி.வி.சி. பைப், ஐந்து 90 டிகிரி எல்போ, கிளை பிரிக்க மெஷினுக்கு ஒன்றாக மூன்று டீ (T வடிவ ஜாயின்ட்), கடைசியில் ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டு மீட்டர் நெளி ஹோஸ். சுவரில் பார்க்க அவ்வளவு ஒழுங்காக இருந்தது. மூலை மட்டத்தோடு எல்லாம் நேர்கோடு, எல்லாம் செங்கோணம்.

தொழிற்சாலைகளுக்குக் காற்றுக் குழாய் போடுவதையே முப்பது வருடம் தொழிலாகச் செய்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவரை எனக்குப் பழக்கம். அவரைக் கூட்டி வந்து காட்டினேன். ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, இதைத் தண்ணி பைப் மாதிரி போட்டிருக்கீங்க."

"ஏண்ணே, எங்கயும் லீக் இல்லையே?"

"லீக்கைச் சொல்லலை. தண்ணி கனம். எப்படி மடக்கினாலும் சரிவு இருந்தா அது தானா போயிடும். காத்து அப்படி இல்ல. ஒவ்வொரு திருப்பத்துக்கும் கூலி கேக்கும். மோட்டார்கிட்ட இருக்கிறதெல்லாம் திருப்பத்துக்கே கொடுத்துட்டா, தூசியைத் தூக்க என்ன மிஞ்சும்?"

அதன் பிறகு இந்த விஷயத்தைப் படித்ததும் கணக்குப் போட்டதும் அளந்து பார்த்ததும் எல்லாமே அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

மரத்தூளும் சீவலும் படுக்கையாக ஓடும் குழாயில் கீழே தங்காமல் போக, காற்று நொடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அதைவிட நன்றாகக் குறைந்தால் கனமான சீவல் முதலில் அடியில் படியும், பிறகு மேடாகும், பிறகு அடைக்கும். வேகம் அதிகமானால் நல்லதுதானே என்றால் அதுவும் இல்லை. குழாயின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. தூசி உறிஞ்சும் புளோயர் காற்றை நிறையத் தள்ளும், ஆனால் அதற்கு இழுவை குறைவு. வீட்டைச் சுத்தம் செய்யும் வேக்குவம் கிளீனர் இதற்கு நேர் எதிர்: இழுவை பலமாக இருக்கும், காற்று கொஞ்சம்தான் போகும். வேக்குவத்துக்குச் சரிப்பட்டு வரும் மெல்லிய குழாயை புளோயருக்கு மாட்டினால் அதற்கு மூச்சு முட்டிவிடும்.

நொடிக்கு 20 மீட்டரில் 4 இன்ச் குழாய் வழியே மணிக்கு சுமார் 565 கன மீட்டர் காற்று போகும். அதே வேகத்தில் 6 இன்ச் குழாயில் சுமார் 1,270 கன மீட்டர். விட்டம் ஒன்றரை மடங்குதான், காற்று இரண்டே கால் மடங்கு. சீவலை மட்டும் அள்ளினால் போதும் என்றால் 4 இன்ச் தாக்குப்பிடிக்கும். நுண்ணிய தூசியையும் பிடிக்க வேண்டுமென்றால் மேசை ரம்பம் மாதிரி மெஷினுக்கு மணிக்கு ஆயிரம் கன மீட்டருக்கு மேல் காற்று தேவை. அது 4 இன்ச்சுக்குள் நுழையவே நுழையாது.

புளோயர் வந்த பெட்டியில் மணிக்கு 1,900 கன மீட்டர் என்று அச்சிட்டிருந்தது. பைப்பும் பையும் மாட்டாமல் அளந்தால் வரும் எண் அது. காற்றாடி வைத்த வேகமானியை மேசை ரம்பத்துக்குப் போகும் ஹோஸின் வாயில் பிடித்தேன். நொடிக்கு 12 மீட்டர், அதாவது மணிக்கு 340 கன மீட்டர். பெட்டியில் சொன்னதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி எல்லாம் எல்போக்கள் கேட்ட கூலி.

மொத்தத்தையும் இறக்கினேன்.

இரண்டாவது முறை 6 இன்ச். சுவரோரம் சுற்றி வராமல், புளோயர் இருக்கும் மூலையிலிருந்து அறைக்குக் குறுக்கே கூரையை ஒட்டி ஒரே நேராக ஒரு தாய்க்குழாய். பார்வைக்கு அழகில்லை. ஆனால் முன்பு பதினொரு மீட்டர் ஓடிய பாதை ஆறரை மீட்டரில் முடிந்தது. கிளைகள் எல்லாம் ஒய், Y மாதிரி சாய்ந்து சேரும் ஜாயின்ட். டீ ஒன்றுகூட இல்லை. கிளையிலிருந்து வரும் காற்று, தாய்க்குழாயில் ஓடும் காற்றோடு அது போகும் திசையிலேயே சாய்ந்து கலக்க வேண்டும். டீயில் அது எதிர்ச்சுவரில் நேராகப் போய் முட்டும். ஒய்யைத் திருப்பி மாட்டிவிடுவதும் எளிதில் நடக்கும், அதனால் ஒவ்வொரு துண்டிலும் காற்றின் திசைக்கு மார்க்கரால் அம்புக்குறி போட்டுக்கொண்டுதான் ஏணியில் ஏறினேன். திருப்பம் வேண்டிய இடத்தில் 90 எல்போவுக்குப் பதிலாக இரண்டு 45, நடுவில் ஒரு சாண் நேர்க்குழாய். புளோயரின் வாய்க்கு முன்னால் மட்டும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் நேர்க்குழாய் விட்டேன். சுழன்றும் தள்ளாடியும் வரும் காற்று இம்பெல்லரில், அதாவது புளோயருக்குள் சுழலும் விசிறியில், நுழைந்தால் அங்கேயும் இழப்பு.

நெளி ஹோஸைப் பற்றி எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. மெஷினை நகர்த்த எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான், ஒரு அங்குலம்கூடக் கூடாது. உள்ளே வரி வரியாக இருக்கும் அந்த மேடு பள்ளம் நேர்க்குழாயைப் போல இரண்டு மூன்று மடங்கு தடை கொடுக்கும். வளைந்து தொங்கினால் இன்னும் மோசம். 'பின்னால் தேவைப்படலாம்' என்று விடும் அந்த ஒரு மீட்டர், ஒவ்வொரு நாளும் காற்றைத் தின்றுகொண்டே இருக்கும்.

ஜாயின்ட்டுகளுக்குப் பசை போடவில்லை. அடைத்தால் கழற்ற வேண்டும், நாளைக்கு மெஷின் இடம் மாறினால் பைப்பும் மாற வேண்டும். வெளிப்பக்கம் அலுமினிய டேப், பிடிப்புக்கு இரண்டு குட்டை ஸ்க்ரூ. பைப்பின் தடிமனைத் தாண்டாத ஸ்க்ரூ. மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டிலும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தேன். அறுத்த விளிம்பில் இருந்த பிசிறை எல்லாம் கத்தியால் வழித்தேன். காலையில் ஆரம்பித்து இருட்டும் வரை போனது அந்த வேலை. எனக்கு அதில் அவசரமே வரவில்லை, குருவிக்கூடு கண்முன் நின்றது.

முடித்துவிட்டு மேசை ரம்பத்தின் அடியில் அளந்தபோது நொடிக்கு 17 மீட்டர், 6 இன்ச் வாயில். மணிக்கு 1,080 கன மீட்டர். புளோயர் அதே புளோயர், மோட்டார் அதே மோட்டார்.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. தாய்க்குழாயை 6 இன்ச்சாக்கிவிட்டு, மெஷினின் வாயை 4 இன்ச்சாகவே விட்டால், அந்தச் சின்ன வாய் விடுகிற காற்றுதான் மொத்தக் குழாய்க்கும். 4 இன்ச்சில் 20 மீட்டர் வேகத்தில் வரும் காற்று 6 இன்ச்சுக்குள் நுழைந்ததும் 9 மீட்டருக்கு இறங்கிவிடும். சீவல் தாய்க்குழாயிலேயே படுத்துக்கொள்ளும். எனவே பைப்பை மட்டும் பெரிதாக்கினால் போதாது, மெஷினையும் வெட்டத்தான் வேண்டும். மேசை ரம்பத்தின் அடிப்பெட்டியில் 5 இன்ச் ஓட்டை போட்டேன், மேலே பிளேடின் மூடிக்கு 3 இன்ச் குழாய் கொண்டுபோனேன். இரண்டின் பரப்பையும் கூட்டினால் ஏறக்குறைய ஒரு 6 இன்ச். புது மெஷினின் தகட்டில் ஓட்டை போட முதலில் கை நடுங்கியது உண்மை.

மேலே அந்த 3 இன்ச் எதற்கு என்று கேட்கலாம். மெழுகுவத்தியை ஒரு முழம் தள்ளி நின்று ஊதி அணைத்துவிடலாம். அதே தூரத்தில் நின்று உறிஞ்சி அணைக்க முடியுமா? ஊதும் காற்று ஒரு திசையில் போகும். உறிஞ்சும் குழாயோ நாலா பக்கத்திலிருந்தும் காற்றை இழுக்கும். குழாயின் வாயிலிருந்து அதன் விட்டம் அளவுக்கு, அதாவது 6 இன்ச் குழாய்க்கு 6 இன்ச் தள்ளிப் போனாலே, காற்றின் வேகம் வாயில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிடும். இந்தப் பக்கம், 10 இன்ச் பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்றுச் சுற்றினால் அதன் பல் நொடிக்கு 53 மீட்டர் வேகத்தில் தூளை வீசும். கிட்டத்தட்ட மணிக்கு 190 கிலோமீட்டர். அப்படிப் பறக்கும் தூளை அடியிலிருந்து உறிஞ்சித் திருப்புவது நடக்காத காரியம். அது போகும் வழியில் ஒரு மூடி நிற்க வேண்டும். மூடி தூளை மறிக்க, காற்று அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டு போகும். நான் பார்த்த பட்டறைகளில் பைப்புக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட இந்த மூடிக்கு யாரும் காட்டுவதில்லை.

இரவில் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, ரம்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு டார்ச்சை என்னை நோக்கிச் சாய்த்து வைத்து ஒரு பலகை அறுத்துப் பார்த்தேன். மூடி மாட்டாத ரம்பம். பகல் வெளிச்சத்தில் சுத்தமாகத் தெரிந்த காற்று, டார்ச் வெளிச்சத்தில் பால் கலந்தது போல இருந்தது. அறுத்து முடித்து, மெஷின் நின்று, நான் துடைப்பத்தைக் கையில் எடுத்த பிறகும் அது அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. 10 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, அளவுள்ள துகள் ஒன்று, ஆள் மூச்சு விடும் உயரத்திலிருந்து அசையாத காற்றில் தரைக்கு வர எட்டு ஒன்பது நிமிடம் ஆகும். 1 மைக்ரான் துகளுக்குப் பத்து மணி நேரம் தாண்டும். பெருக்கினால் அது மறுபடி கிளம்பும். மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போவது இந்தச் சின்னதுதான். தரையில் குவியும் தூள் காலுக்கு இடைஞ்சல், அவ்வளவே.

1960-களில் இங்கிலாந்தின் ஹை விக்கம் நகரில், காது மூக்கு தொண்டை மருத்துவரான எஸ்மி ஹேட்ஃபீல்டு ஒன்றைக் கவனித்தார். மூக்குக்குப் பின்னாலுள்ள காற்றறைகளில் வரும் அபூர்வமான ஒரு வகைப் புற்றுநோயோடு அவரிடம் வந்தவர்களில் நாற்காலியும் மேசையும் செய்கிற மரவேலைக்காரர்கள் அசாதாரணமாக அதிகம் இருந்தார்கள். அந்த ஊர் நாற்காலிக்கே பேர்போன ஊர். 1968-ல் அவரும் சக மருத்துவர்களும் எழுதிய ஆய்வு பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. 1995-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் வகுப்பில் சேர்த்தது. பீச், ஓக் மாதிரி கடின மரங்களின் தூள்தான் இதில் முன்னால் நிற்கிறது. அந்த மனிதர்கள் எல்லாம் நம்மைப் போல மரத்தை நேசித்தவர்கள்தானே என்ற நினைப்பு எனக்கு வராத நாள் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் கடின மரத்தூளுக்கு 2023-லிருந்து உள்ள வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றுக்கு 2 மில்லிகிராம். என் பட்டறை 72 கன மீட்டர். ஆக அறை முழுக்கச் சேர்த்தே 144 மில்லிகிராம், அதாவது ஒன்றிரண்டு சிட்டிகை. மர நாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகையை ஒரு மீட்டர் நீளத்துக்கு அறுத்தால், பிளேடு தின்னும் அகலம் 3 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், சுமார் 40 கிராம் தூள் விழும். அதில் நூற்றில் ஒரு பங்கு பறந்தாலே 400 மில்லிகிராம். ஒரே ஒரு அறுப்பில், வரம்பைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். இந்தக் கணக்கைப் போட்ட அன்றைக்குத்தான் பில்டரை மாற்ற முடிவெடுத்தேன்.

ஏனென்றால் புளோயரோடு வந்த துணிப்பை 30 மைக்ரான், அதைவிடச் சின்னதை நம்பிக்கையாகப் பிடிக்காது. சீவல் பையில் தங்கும், நுண்தூசி துணி வழியாக வெளியே வந்து அறை முழுக்கப் பரவும். அது தூசி பிடிக்கும் மெஷினே இல்லை, தூசியைச் சலித்து ஆபத்தானதை மட்டும் நம் முகத்துக்கு அனுப்பும் மெஷின். இருப்பதிலேயே நல்ல வழி காற்றை வெளியே விட்டுவிடுவது. பில்டரே வேண்டாம். ஆனால் என் அறையின் மொத்தக் காற்றும் நான்கு நிமிடத்தில் வெளியே போய்விடும், அதே அளவு உள்ளே வர வழி திறந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் எரிவாயு ஹீட்டர் மாதிரி புகைபோக்கி உள்ள அடுப்பு ஏதாவது எரிந்தால், அதன் கார்பன் மோனாக்சைடு புகையையே இந்த இழுவை உள்ளே திருப்பிக் கொண்டுவரும். அதற்குப் பயந்துதான் நான் மடிப்புக் காகித பில்டருக்குப் போனேன். முன்னால், காற்றைச் சுழற்றித் தூளைப் பிரிக்கும் ஒரு சைக்ளோனும் அடியில் டிரம்மும். சீவலும் தூளும் முக்கால்வாசிக்கு மேல் டிரம்மிலேயே விழுந்துவிடும், இம்பெல்லரில் மரத்துண்டு அடிக்காது, பில்டர் சீக்கிரம் அடைக்காது. சைக்ளோனும் தன் பங்குக்குக் கூலி கேட்கும், கொடுக்கத்தான் வேண்டும். டிரம்மின் மூடியில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் அது வழியே காற்று உள்ளே பாய்ந்து, விழுந்த தூளை மறுபடி மேலே தூக்கும். டிரம் நிரம்பிவிட்டாலும் அதே கதைதான். நான் ஒரு முறை கவனிக்காமல் விட்டு, பில்டரின் மடிப்பெல்லாம் தூள் அப்பிப்போய், ஒரு முழு ஞாயிறு அதைச் சுத்தம் செய்வதில் கழிந்தது.

பி.வி.சி. குழாய் நிலைமின்சாரத்தால் வெடிக்கும் என்று பலர் பயமுறுத்தினார்கள். மரத்தூள் காற்றில் வெடிக்க, கன மீட்டருக்குச் சுமார் 40 கிராமாவது மிதக்க வேண்டும். வீட்டுப் பட்டறையின் குழாய்க்குள் அந்த அளவு சேருவது அரிது. கையில் சுரீரென்று ஷாக் அடிக்கும், அது உண்மை. பி.வி.சி. மின்சாரம் கடத்தாத பொருள், ஒரு கம்பியைச் சுற்றி எர்த் கொடுத்தால் மொத்தக் குழாயும் எர்த் ஆகிவிடாது. குழாய்க்கு உள்ளே கம்பி ஓட்டுவதோ இன்னொரு குருவிக்கூட்டுக்கு நாமே போடும் அஸ்திவாரம். நான் பயப்படுவது நெருப்புப் பொறிக்கு. பழைய மரத்தில் மறைந்திருக்கும் ஆணியில் பிளேடு பட்டால் பொறி டிரம்முக்குப் போகும், தூளுக்குள் மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். இரும்பு அரைக்கும் கிரைண்டரை இந்தக் குழாயில் மாட்டவே கூடாது. டிரம்மை வேலை முடிந்த அன்றே காலி செய்து வெளியே வைப்பது என் பட்டறையில் சட்டம்.

ஒவ்வொரு கிளைக்கும், தகட்டைத் தள்ளிக் காற்றை மறிக்கும் ஒரு தடுப்பு கேட் உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றுதான் திறந்திருக்கும். எல்லாவற்றையும் மூடினால் மோட்டார் கருகிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். ஆம்பியர் மீட்டர் போட்டுப் பார்த்தால் தலைகீழ். காற்று ஓடவில்லையென்றால் இம்பெல்லருக்கு வேலை இல்லை, மின்சாரம் குறைகிறது. பைப் ஏதும் மாட்டாமல் புளோயரை வாய் திறந்து ஓடவிட்டால்தான் மோட்டார் அதிகமாக இழுக்கும். முதல் கேட்டுகள் சில வாரத்திலேயே முழுதாக மூட மறுத்தன. தகடு போய் உட்காரும் பள்ளத்தின் மூலையில் தூள் இறுகிவிடுகிறது. புதிதாகச் செய்தவற்றில் தகடு அந்தப் பக்கமும் கொஞ்சம் வெளியே வருமாறு விட்டேன், மூடும்போதே தூளைத் தள்ளிவிடும்.

புளோயருக்குச் சற்று முன்னால் பைப்பில் ஒரு சின்னத் துளை போட்டு, யு வடிவில் வளைத்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபில் நீலம் கலந்த தண்ணீர் ஊற்றிச் சுவரில் மாட்டியிருக்கிறேன். இந்தப் பட்டறையில் எனக்கு மிகவும் பிடித்த கருவி இதுதான். இரு பக்கத் தண்ணீருக்கும் உள்ள உயர வித்தியாசம், எல்லா கேட்டும் மூடியிருந்தால் 230 மில்லிமீட்டர், மேசை ரம்பத்தின் கேட் திறந்திருந்தால் 150. அது 150-க்கு மேலே ஏறினால் பைப்பில் எங்கோ அடைப்பு. கீழே இறங்கினால் பில்டரில் தூள் சேர்ந்துவிட்டது, இல்லை எங்கோ ஒரு கேட்டை மூட மறந்திருக்கிறேன். சத்தம் மாறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மைட்டர் சாவுக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. பிளேடு மேலிருந்து இறங்கி, பக்கத்துக்குப் பக்கம் திரும்பி, முன்னும் பின்னும் நகர்கிற மெஷின் அது, தூள் போகும் திசை ஒவ்வொரு அறுப்புக்கும் மாறுகிறது. பின்னால் ஒரு பெட்டி கட்டி அதன் அடியில் 6 இன்ச் வாய் வைத்தேன். டிஷ்யூ காகிதத்தைக் கீற்றாகக் கிழித்து ஒவ்வொரு இடமாகப் பிடித்துப் பார்க்கிறேன். பெட்டிக்குள் காகிதம் வேகமாக உள்ளே சாய்கிறது. பிளேடுக்குப் பக்கத்தில், நேராக அறுக்கும்போது சாய்கிறது, 45 டிகிரிக்குத் திருப்பினால் இடப்பக்கம் ஒரு சாண் இடத்தில் அசையாமல் தொங்குகிறது. அந்த இடத்துக்கு ஒரு சாய்வுத் தகட்டை அட்டையில் வெட்டிப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இது மூன்றாவது அட்டை. அது சரியாகும் வரை மைட்டர் சாவைத் தொடும் முன் மாஸ்க்கை மாட்டிக்கொள்கிறேன். பக்கத்து ஆணியிலேயே தொங்குகிறது.